காலுக்குப் பிடித்த பாட்டு

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு என் கடைக்குள் வந்தவர் அவர் ஒருவர்தான். மரியாதைக்காக அல்ல. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றால்தான் பாட்டு சரியாகக் கேட்கும் என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி சந்திப்புக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் நான் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். நான் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் காலிக் கேசட்டில் பதிந்து, அட்டையில் வரிசையாக எழுதிக் கொடுப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கையெழுத்து நன்றாக இருக்கும். பேச்சுதான் வராது. பெண்கள் வந்து நின்றால் சுத்தமாக வராது. தாளையும் பேனாவையும் அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்துவிடுவேன்.

அவர் வந்த அன்றும் அப்படித்தான் நகர்த்தினேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.

"எழுதத் தெரியாம இல்ல அண்ணாச்சி. எந்தப் பாட்டுன்னு எனக்கே தெரியல. ஓடதுக்கு ஒரு பாட்டு வேணும்."

"ஓடதுக்கா?" என்று கடையின் மறுபாதியிலிருந்து குரல் வந்தது. அந்த அறையை நானும் ஒரு வாட்ச் பழுது பார்க்கிறவரும் பாதிப்பாதியாக வைத்திருந்தோம். அவர் ஒரு கண்ணில் லென்சை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமலேயே சந்தில் நடப்பதையெல்லாம் பார்த்துவிடுவார். "யாரும்மா ஒன்ன விரட்டுதாவ?"

"யாரும் விரட்டல. போலீசுல சேரப் போறேன்."

"அப்பம் நீதான விரட்டணும்?"

அந்தப் பெண் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கேசட் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த தெருவில் இருந்த பெரிய ஜவுளிக்கடையில் அவர் சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். கத்தரிப்பூ நிறத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே சேலை கொடுத்திருப்பார்கள். காலை ஒன்பதரை மணியிலிருந்து கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. கூட்டம் இல்லாத நேரத்திலும் சாய்ந்து நிற்கக் கூடாது. மதியம் இரண்டரை மணிக்கு அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு விடுவார்கள். அந்த அரை மணியில்தான் என் கடைக்கு வருவார். அவர் கழற்றிவிட்ட செருப்பில் கால் இருந்த தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருண்டு சுருண்டு பச்சையாகத் தெரியும். உட்காருங்கள் என்று ஸ்டூலைக் கையால் காட்டுவேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. உக்காந்தா எந்திரிக்க முடியாது" என்பார்.

என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் அவருக்கு அண்ணாச்சிதான். நான் அவரை மனதுக்குள் அக்கா என்று கூப்பிட்டேன். எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

ஓடுவதற்கு என்று பாட்டுக் கேட்டு வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டை மைதானத்தில் ஓடும் கல்லூரிப் பையன்கள், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள், எல்லோரும் வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு வரிசையே வைத்திருந்தேன். டிரம்சும் கூச்சலுமாக இருக்கும். அதையெல்லாம் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. சேலையை ஒரு விரல் அளவு உயர்த்திப் பிடித்துக்கொண்டு குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்தார். பாதிப் பல்லவி முடியுமுன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது வேண்டாம். மூச்சப் புடுங்கிட்டுப் போயிரும்."

அடுத்ததற்கு, "இது பாதி வழியில நின்னு யோசிக்குது" என்றார்.

இன்னொன்றை முழுதாகவே கேட்டார். "நல்ல பாட்டு. ஆனா இதுக்கு ஒரு காலு நீளம், ஒரு காலு குட்டை. நொண்டிக்கிட்டுலா ஓடணும்?"

நாள் முழுவதும் பாட்டுக் கேட்கிறவனுக்குப் பாட்டு அலுத்துப்போகும். எனக்கு அலுத்து வருடங்கள் ஆகியிருந்தன. டெக்கின் மீட்டர் ஊசி சரியாக நிற்கிறதா, சத்தம் கிழிகிறதா என்று பார்ப்பதோடு என் காது நின்றுவிடும். ஆனால் அவர் நொண்டி என்று சொன்ன பிறகு அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நொண்டிதான்.

"காதுக்குப் பிடிச்சா போதாது அண்ணாச்சி. காலுக்குப் பிடிக்கணும்" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் இப்படியே போயிற்று. வாட்ச்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, பேசாம ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கி வச்சிக்கிட்டு ஓடேன். எதுக்கு இவன் உசிர வாங்குத?"

"வாட்சப் பாத்தா காலு நின்னுருது அண்ணாச்சி. அது இன்னும் இவ்வளவுதான், இவ்வளவுதான்னு மிரட்டுது. பாட்டுன்னா கூட வரும்."

"எங்கூட எம்பொஞ்சாதியே வரமாட்டேங்கா. பாட்டு வருதாம்ல."

அக்காவின் கையில் ஒரு வாட்ச் இருந்தது. கல்யாணத்துக்குப் போட்டது, தங்க நிறத்தில் மிகச் சிறியது. இரண்டு முள்தான். நொடி முள் கிடையாது. கல்யாணத்தைப் பற்றி அவர் பேசியது அந்த வாட்சின் சாவி இறுகிப்போய்ச் சரிபார்க்க வந்தபோதுதான். வீட்டுக்காரர் பம்பாய்க்குப் போய் ஆறு வருடம் ஆகிறது, கடிதம் நின்று நான்கு வருடம் ஆகிறது என்றார். அவ்வளவுதான். வாட்ச்காரர் அன்று கிண்டல் எதுவும் பேசாமல் சாவியைச் சரிசெய்து கொடுத்தார்.

மகள் திசையன்விளையில் அக்காவின் அம்மாவிடம் இருந்தாள். இரண்டாம் வகுப்பு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் விடுமுறை கிடைக்கும். போய்ப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே திரும்பிவிட வேண்டும். போலீசில் சேர்ந்தால் குடியிருக்க லைன் வீடு கிடைக்கும், பாப்பாவைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. வயது வரம்பு அந்த வருடத்தோடு அவருக்கு முடிந்துவிடும். எழுத்துப் பரீட்சையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஓட்டம்தான். நானூறு மீட்டர், இரண்டரை நிமிடத்துக்குள் என்று சொல்லியிருந்தார்களாம்.

"நிக்கிற காலு அண்ணாச்சி இது. இத ஓடுற காலா மாத்தணும்."

பாட்டு கிடைத்தது என் கைத்தவறால்தான். எடுக்க நினைத்தது ஒன்று, கை எடுத்தது பக்கத்தில் இருந்த பழைய கேசட்டை. சோகப் பாட்டு. போனவன் வரவில்லை என்று ஒரு அம்மா பாடுவார். யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். பழைய பாட்டுப் பித்துள்ளவர்கள் சிலர் மட்டும் கேட்பார்கள். அவசரமாக நிறுத்தப் போனேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார். குதிகால் எழுந்தது. விழுந்தது. எழுந்தது. இந்தத் தடவை நிற்கவே இல்லை.

வாட்ச்காரர் லென்சைக் கழற்றிவிட்டார். "ஏலே, ஆள ஓடவைக்கச் சொன்னா அழவச்சு அனுப்புதியா?"

"இல்ல அண்ணாச்சி, கேட்டுப் பாருங்க" என்றார் அக்கா. "மேல அழுவுது. கீழ ஓடுது."

அப்போதுதான் நானும் கேட்டேன். அந்த அம்மாவின் குரலுக்கு அடியில் தபேலா ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. குரல் எங்கே நின்று அழுதாலும் அது நிற்கவில்லை. அந்தப் பாட்டை அதற்கு முன்னால் நூறு தடவையாவது பதிந்திருப்பேன். தபேலாவைக் கேட்டதில்லை.

அதே பாட்டைத் திரும்பத் திரும்ப ஒரு கேசட் முழுக்கப் பதிந்து தரச் சொன்னார். ஒரு பக்கத்துக்கு ஆறு தடவை வந்தது. அட்டையில் ஆறு வரியிலும் ஒரே பாட்டின் முதலடியை எழுதினேன். மறுபக்கமும் ஆறு. வாட்ச்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல வாத்தியாரு எம்பொசிசன் எழுதச் சொன்ன மாதிரி எழுதிருக்கான்" என்றார்.

"அண்ணாச்சி, ரெண்டரை நிமிசம் இதுல எந்த எடத்துல வருது?" என்று அக்கா கேட்டார்.

வாட்ச்காரர் மேசையிலிருந்து நொடி முள் உள்ள ஒரு வாட்சை எடுத்து நீட்டினார். பாட்டை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன். பல்லவி முடிந்தது. வயலின் வந்து போயிற்று. முதல் சரணத்தில் அந்த அம்மா ஒரு சொல்லை நீட்டி இழுப்பார். அந்த இழுப்பு தொடங்கும்போது முள் சரியாக இரண்டரை நிமிடத்தைத் தொட்டது. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அதே இடம். இழுப்பு என்று தாளில் எழுதி அவரிடம் காட்டினேன்.

"இழுப்புக்கு முன்னாடி கோட்டத் தொட்டுட்டா நான் போலீசு" என்றார் அக்கா.

ஓடும் இடத்தை அவர் அளந்த விதத்தை அவரே ஒரு நாள் சொன்னார். ஜவுளிக்கடையில் துணி அளக்கும் மீட்டர் கம்பியால் ஒரு நைலான் கயிற்றைப் பத்து மீட்டருக்கு அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். குறுக்குத்துறைக்கு அப்பால் ஆற்றை ஒட்டி ஒரு பொட்டல் உண்டு. அதில் அந்தக் கயிற்றை நாற்பது தடவை வளைத்துப் போட்டுக் கல் வைத்து ஒரு வட்டம் கட்டியிருக்கிறார். பத்து வருடம் துணி அளந்த கை. ஒரு விரல்கடை கூடவும் விடாது, குறையவும் விடாது.

ஆக, நீளத்தை அவர் அளந்தார். நேரத்தை நான் அளந்து கொடுத்தேன்.

வாக்மேன் அவர் குடியிருந்த வீட்டுக்கார அம்மா கொடுத்தது. அந்த அம்மாவுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். அவருடைய தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது, மூடி உடைந்ததும் பரணில் போட்டுவிட்டார்கள். அக்கா அதை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்திருந்தார். விடியுமுன் எழுந்து, சுடிதாருக்கு மேலே துப்பட்டாவைக் குறுக்காக முடிந்து, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போவார். மப்ளர் காதில் இருப்பதை மறைக்க. பாட்டுக் கேட்டுக்கொண்டு ஒரு பெண் ஆற்றங்கரையில் ஓடுகிறாள் என்றால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். கேட்டவர்களிடம் காதுவலி என்று சொல்லிவைத்திருந்தார்.

"திருநவேலி வெயிலுக்கு மப்ளரு" என்றார் வாட்ச்காரர். "பாக்கவன் காதுவலின்னு நெனைக்கமாட்டான். மண்டையில கோளாறுன்னுதான் நெனைப்பான்."

"நெனைக்கட்டும் அண்ணாச்சி. பக்கத்துல வரமாட்டான்லா."

முதல் வாரத்தில் கோட்டைத் தொடும்போது சரணமே முடிந்துவிடும் என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார். மதியம் வந்ததும் முதலில் அதைத்தான் சொல்வார். "இன்னைக்கு இழுத்து முடிக்கப் போனாங்க, நான் தொட்டுட்டேன்." அடுத்த வாரம், "இழுப்பு பாதியில இருக்கு." நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் என் பேச்சு. ஆனால் இரண்டு மணி ஆனதுமே என் கண் சந்து முனைக்குப் போய்விடும். அந்த மெலிந்த, களைத்த முகத்தில் அந்த ஒரு செய்தி மட்டும் தினமும் புதிதாக இருந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் ஆற்றில் குளிக்கப் போனேன். வழக்கமாகப் போகிற துறை அல்ல. அவர் ஓடுவதைப் பார்க்கத்தான் சைக்கிளை அந்தப் பக்கம் விட்டேன் என்று இப்போது சொல்லிவிடலாம். பொட்டலில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வாக்மேனை ஒரு கையில் பிடித்து, சின்னச் சின்ன அடியாக வைத்து ஓடினார். பார்க்க அழகான ஓட்டம் இல்லை. ஆனால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் வித்தியாசம் இல்லை. கோட்டைத் தொட்டதும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, தொட்டுட்டேன். இழுக்கவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள தொட்டுட்டேன்."

மப்ளரை அவிழ்த்து ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "கேட்டுப் பாருங்க. ஒங்க பாட்டுதான். இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

வாங்கிக் காதில் வைத்தேன். ஒரு வரிகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாடுகிற அம்மாவின் குரல் கனத்து, சற்றே ஆண் குரலாகி இருந்தது. தபேலா களைத்தவன் படியேறுவது போல வந்தது. வாக்மேனின் பேட்டரி செல் தீர்ந்துகொண்டிருந்தது. செல் தீரத் தீர மோட்டார் மெதுவாகச் சுற்றும். பாட்டு தளரும். இழுப்பு தள்ளித் தள்ளிப் போகும். தினமும் கொஞ்சமாகத் தளர்வதால் அதையே கேட்கிறவருக்குத் தெரியாது. என்னைப்போல எந்நேரமும் டெக்கிலேயே கேட்கிறவனுக்கு உடனே தெரியும்.

"செல்லு போட்டு எத்தன நாளாச்சு?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"செல்லுகூடப் பழசுதான் அண்ணாச்சி" என்று அவரே சொன்னார். "கடை மொட்டமாடியில வெயில்ல வச்சு வச்சு எடுக்கேன். சூடேறுனா மறுபடி ஓடிருது. நல்ல செல்லு."

அவர் முகம் வேர்த்து வடிந்தது. மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்கு எதிரே நின்றுகொண்டு, நீங்கள் இன்னும் தொடவில்லை என்று சொல்ல வேண்டும். ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லாருக்கு" என்றேன். அவரிடம் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் சொல் அது.

அன்று காலையே இரண்டு புது பென்சில் செல் வாங்கினேன். மதியம் கொடுத்துவிடலாம் என்று டிராயரில் வைத்தேன். வாட்ச்காரர் பார்த்துவிட்டார். "யாருக்குலே செல்லு? ஒன் டெக்கு கரண்டுலலா ஓடுது?" நான் டெக்கைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு லென்சை மாட்டிக்கொண்டார்.

மதியம் அக்கா வந்தார். டிராயரில் கை வைத்தேன். வாட்ச்காரர் தொண்டையைச் செருமினார். கையை எடுத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. கல்யாணமாகாத ஒருவன், வீட்டுக்காரர் கூட இல்லாத ஒரு பெண்ணுக்குத் தன் காசில் ஒன்று வாங்கிக் கொடுத்தால் சந்தில் என்ன பேசுவார்கள், ஜவுளிக்கடையில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஒரு தாளில் எழுதி நீட்டியிருந்தால் போதும். எழுத எனக்கு வரும். அது அப்போது தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கிழித்தேன். அவர் வந்து, "இன்னைக்கும் இழுப்புக்கு முன்னாடிதான்" என்று சொல்லும்போது, நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றும். ஓட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிறகு மூன்று வாரம் இருந்தது.

ஓட்டம் நடந்தது ஒரு திங்கட்கிழமை. மறுநாள் மதியம் அவர் வந்தார். கத்தரிப்பூச் சேலைதான். வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றினார். கேசட்டை என் முன் வைத்தார்.

"இதப் போடுங்க அண்ணாச்சி. அந்த வாட்சையும் எடுங்க. எங்கயோ தப்பிருக்கு. எங்கிட்ட இல்ல."

வாட்ச்காரர் பைய விசாரித்தார். "என்னம்மா ஆச்சு?"

"நாலு செகண்டு கூடிட்டாம். விசிலடிச்சிட்டாங்க. வாக்மேன் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. அது எனக்குத் தெரியும், அது பரவால்ல. பாட்டு உள்ள ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஒரு அடி பிசகல. என்னைக்கும் ஓடுறதத்தான் நேத்தும் ஓடுனேன். இழுப்புக்கு முன்னாடி தொட்டுட்டேன். அவுக இல்லங்காவ."

கேசட்டைப் போட்டேன். வாட்ச்காரர் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சேலையை ஒரு விரல் அளவு உயர்த்திப் பிடித்தார். குதிகால் எழுந்து விழுந்தது. பாட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுந்தது. அடுத்தது இன்னும் கொஞ்சம் பின்னால். தபேலா அவரை விட்டுவிட்டு முன்னே போய்க்கொண்டிருந்தது. அவர் குனிந்து தன் காலையே பார்த்தார். இழுப்பு வந்தது.

"ரெண்டரை" என்றார் வாட்ச்காரர். "குண்டூசி தப்பலம்மா."

"இது எம்பாட்டு இல்ல" என்றார் அக்கா.

பையிலிருந்து வாக்மேனை எடுத்து, கேசட்டை அதற்கு மாற்றி, ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, என் பழைய கேசட்டை டெக்கில் போடச் சொன்னார். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டோம். பல்லவி முடிவதற்குள் அவர் முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றினார்.

"செல்லு" என்றார்.

பிறகு தரையில் உட்கார்ந்தார். என் கடையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"சூன் மாசம் இங்கன பள்ளிக்கூடத்துல சேத்துருவேன்னு பாப்பாகிட்டச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. அவ அங்கன எல்லாப் பிள்ளைய கிட்டயும் சொல்லிட்டா."

வாட்ச்காரருக்குத் தாங்கவில்லை. நல்ல மனுசர். எதையாவது சொல்லி ஆளைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தார். "சவத்த விடும்மா. ஏலே, இப்பமாவது அந்தச் செல்ல எடுத்துக் குடுலே. ஒரு மாசமா டிராயருக்குள்ள வச்சு அடைகாக்குதான்மா, ஒனக்குன்னு வாங்கி. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்னு தெரியல."

டிராயரைத் திறந்து செல்களை எடுத்து வைத்தேன். உறைகூடப் பிரிக்கவில்லை. அக்கா அவற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒரு மாசமாவா?"

குனிந்து டிராயரை மூடினேன்.

"அன்னைக்கு ஆத்தங்கரையில வாங்கிக் கேட்டியளே. அப்பமே தெரியுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தினமும் வந்து சொன்னபோதெல்லாம் ஆட்டிய அதே தலை.

வாட்ச்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தான் என்ன செய்துவிட்டோம் என்று புரியாமல் எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விட்டார். அக்கா உறையைப் பிரித்தார். பழைய செல்லை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். பாட்டை ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து இரண்டு காதிலும் ஹெட்போனை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கேட்டார். நீட்டியிருந்த காலில் விரல்கள் மட்டும் அசைந்தன. முதலில் தடுமாறின. பிறகு பிடித்துக்கொண்டன. அந்த வேகத்திலேயே கடைசிவரை அசைந்தன. இழுப்பு வரைக்கும் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நிறுத்தினார்.

"இந்த வேகத்துக்கும் ஓடியிருப்பேன் அண்ணாச்சி" என்றார்.

ஹெட்போனைச் சுருட்டிப் பையில் வைத்தார். மணி மூன்றாகப் போகிறது என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நான் பதிந்து கொடுத்த எல்லாக் கேசட்டின் அட்டையிலும் அடியில் ஒரு வரி எழுதினேன். புது செல் போட்டுக் கேட்கவும். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். "எங்க வீட்டுல கரண்டுலலா ஓடுது?" என்பார்கள். பக்திப் பாட்டுக் கேசட்டுக்கும் எழுதினேன். கல்யாண மண்டபத்துக்குப் போகிற நாதசுரக் கேசட்டுக்கும் எழுதினேன். வாட்ச்காரர் அதைப் பற்றி ஒரு நாளும் கேலி பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா வந்தார். இளைத்திருந்தார். கேசட்டை நீட்டினார்.

"இத அழிச்சிட்டு வேற பாட்டு போட்டுத் தாங்க."

தாளை நகர்த்தாமல் வாயால் கேட்டேன். "ஓடதுக்கா அக்கா?"

"ஓடதுக்கு இனிமே என்ன இருக்கு. நிக்கதுக்கு."

"எந்தப் பாட்டு?"

"நீங்களே பாத்துப் போடுங்க."

அவர் போன பிறகுதான் கவனித்தேன். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து போயிருந்தார்.

அன்று சாயங்காலம் நான் என் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் நின்றேன். அடுக்கில் இருந்ததை ஒவ்வொன்றாகப் போட்டேன். அவர் நிற்பது போலவே அசையாமல், சாயாமல் நின்று கேட்டேன். நான்கு நாள் தேடினேன். அவருடைய காலை ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு பாட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மெதுவாகப் போனது, நொண்டிப் போனது, அழுதுகொண்டே போனது. தாலாட்டுகூடத் தூக்கத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் நிற்கிற பாட்டு ஒன்றுகூட என்னிடம் இல்லை.

ஐந்தாம் நாள் அவர் வந்தபோது அதே கேசட்டை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

"நிக்கதுக்கு ஒரு பாட்டும் அமையல அக்கா" என்றேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஆறு வரியிலும் ஒரே பாட்டு. அடியில் நான் புதிதாக எழுதியிருந்த வரியையும் படித்தார். கேசட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றார். "நானும் பத்து வருசமாத் தேடுதேன்."

கையில் இருந்த இரண்டு முள் வாட்சைப் பார்த்தார். மூன்று மணிக்கு அவர் ஜவுளிக்கடையில் நிற்க வேண்டும்.